மெலாத்தியின் முட்டித் தழும்பு

கிள்ளானில் இருதயராஜ் உள்ளங்கையளவு பொம்மைக் குதிரைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். பன்னிரண்டு வருடம் லாயத்தில் குதிரை தேய்த்தவர். எந்த இடத்தில் ரோமம் சுழிக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். அங்கே அவர் பார்த்துக்கொண்ட மெலாத்தி என்ற சாம்பல் குதிரையை, முட்டியில் இருந்த தழும்போடு, ஒரு பொம்மையில் நான்கு மாதம் தீட்டினார். தம்பிபோலப் பழகிய கால்வின், பெட்டாலிங் ஜெயா கண்காட்சியில் வைப்பதாகச் சொல்லி அதை வாங்கிப்போனான்.

இருதயராஜ் போய்ப் பார்த்தபோது அதற்கு முதல் பரிசு. அட்டையில் கால்வின் பெயர்.

“என்னடா இது?”

“உங்கள யாருக்குண்ணே தெரியும்? முட்டியில கீறல் வேற. நான்தான் பெயின்ட் அடிச்சு மறைச்சேன் லா. இல்லன்னா பரிசு கிடைச்சிருக்குமா?”

இருதயராஜ் குனிந்தார். முட்டி வழவழவென்று இருந்தது.

“பேரு உன்னோடதே இருக்கட்டும்டா. இது என் மெலாத்தி இல்ல.”