ஒகேனக்கல்லில் ஒரு கடற்கரை உடை

கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுத்துணி கத்தரிக்கோல் பட்டதும் 'சர்ர்' என்று ஒரு சத்தம் போடும். எழுபதுகளின் தொடக்கத்தில், மொரப்பூர்த் தையல்கடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நானும் என் அக்கா ஸ்டெல்லாவும் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிவிடுகிறது. அக்காவின் கையில் ஒரு பழைய நாவல். உள்ளே என்ன கதையோ, எங்களுக்கு வேண்டியிருந்தது அட்டைதான். பெரிய பெரிய புள்ளி போட்ட 'கையில்லாத ஜாக்கெட்', அதே துணியில் தலைக்குக் கட்டிய 'ஸ்கார்ப்', பாதி முகத்தை மறைக்கும் 'கூலிங் கிளாஸ்' என்று, சேலை காற்றில் பறக்கக் கடலோரத்தில் ஒருத்தி நின்றிருப்பாள். அம்மாவின் இளவயதில் வந்த புத்தகம் அது. அந்த நாகரிகம் பட்டணத்திலேயே எப்போதோ பழசாகியிருக்கும் என்பது கடலையே பார்த்திராத எங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. வீட்டில் வைத்துப் பெண் காட்ட அப்பாவுக்கு மனமில்லை. "வூட்டுக்கு வந்து பாத்துட்டு வேணாம்னு போயிட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்" என்பார். எங்கள் சொந்தத்தில் மாதா கோயில் திருவிழாவிலோ ஒகேனக்கல்லிலோ தற்செயலாகச் சந்தித்ததுபோல் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்றால் அருவிக்குப் போய் மீன் தின்று வந்ததோடு சரி. அம்மாவுக்கு வேறு பயம். "அவங்க பெங்களூர்க்காரங்க. நம்மளப் பட்டிக்காடுன்னு நெனச்சிரக் கூடாது" என்று அக்காவின் ஆசைக்குத் தலையாட்டிவிட்டாள். தையற்காரர்தான் முரண்டு பிடித்தார்: "கை வெக்காம குடுத்தா, தைக்கத் தெரியாதவன்னு எனக்கில்லீங்களா பேரு வரும்?" கடைசியில் கையில்லாமலே தைத்துக் கொடுத்து, மிச்சத் துணியில் எனக்கும் ஒரு கவுன் தைத்தார்.

பஸ்ஸில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்த அக்கா, ஒகேனக்கல் ஆற்று மணலில் இறங்கியதும் ஸ்கார்பைக் கட்டி, கண்ணாடியைப் போட்டு, அட்டைப் பெண்ணைப் போலவே ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் சுற்றிலும் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரத் தொடங்கினார்கள்.

"ஷூட்டிங்குங்களா? ஹீரோ எங்கீங்க?" என்று கேட்டார் ஒரு பரிசல்காரர்.

சினிமாக்காரர்கள் அடிக்கடி வந்துபோகும் இடம் அது. அப்பா "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லச் சொல்லக் கூட்டம் வளர்ந்தது. அதைப் பிளந்துகொண்டு எண்ணெய்த் தலையோடு வந்தாள் எங்கள் தெரு அரிசி மில்காரர் மனைவி. "அடடே, நம்ம ஸ்டெல்லா! நடிக்கவா போயிட்ட? சொல்லவே இல்லியே!"

சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளையின் அம்மா கைத்தறிச் சேலையும் முழங்கை வரை ரவிக்கையுமாக இருந்தார். அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு அப்பாவிடம், "டீச்சர் ட்ரெயினிங் போவுதுன்னுதானே சொன்னீங்க? சினிமான்னு சொல்லலீங்களே" என்றார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். கேலியா, பிடித்துப்போய்ச் சிரித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. "எங்களுக்கு ஒத்துவராதுங்க, ரொம்ப ஃபேஷனா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மீன்கூடத் தின்னாமல் போய்விட்டார்கள்.

அப்பா தோள்துண்டை எடுத்து அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். அத்தனை பேர் பார்க்க அவர் அதைச் செய்தபோது அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது, அக்கா அழவில்லை. நாங்கள் மொரப்பூர் போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, "படம் எப்ப வருதும்மா?" என்று கேட்டார்கள். அடுத்து அரூரிலிருந்து வந்த வரனுக்கு, அக்காவைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டார் அப்பா.

போன கோடையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒகேனக்கல் போனோம். கறுப்புக் கண்ணாடியும் கையில்லாத உடையுமாகப் பெண்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; திரும்பிப் பார்ப்பாரில்லை. "பெரிம்மா, நீங்களும் வாங்க" என்று என் மகள் அழைத்தாள். அக்கா எழுந்தவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்து, "நம்மூர்க்காரங்க யாராச்சும் இருக்காங்களா பாரு" என்றாள்.

"அவங்கெல்லாம் செத்துப்போயி எத்தனையோ வருசம் ஆச்சுக்கா" என்றேன்.

அப்படியும் அவள் வரவில்லை.