காத்தாயி மடியில் இருக்கும் இரும்பு

பேருந்தில் உட்கார்ந்ததும் காத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் இருக்கும் மூட்டையை ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். பழைய காவி வேட்டியில் சுற்றிய இரும்பு அது. இரண்டு இடத்தில் மடங்கியது, முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம். ஐந்து கிலோவாவது இருக்கும். சீர்காழி போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கண்டக்டர் யூனுஸ் அவரிடம் வேறு கணக்குப் பேசுவார்.

"ஒங்களுக்கு ஃப்ரீ. மடியில இருக்குற புள்ளைக்கு டிக்கெட் எடுங்கக்கா."

"இதுவும் பொம்பளப் புள்ளதான் தம்பி."

வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். புதிதாக ஏறியவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

அந்த இரும்பு ஒரு சட்ரஸின், அதாவது வாய்க்கால் மதகின், கதவைச் சுற்றி ஏற்றும் கைப்பிடி. எங்கள் ஊருக்குக் கிழக்கே, வாய்க்கால் கடலில் போய்ச் சேருவதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால், ஐந்து கதவுகளோடு அந்தச் சட்ரஸ் நிற்கிறது. கடல் ஏறும்போது கதவை இறக்கி உப்புத் தண்ணீரைத் தடுக்க வேண்டும். கடல் இறங்கும்போது கதவை ஏற்றி, வயல்களில் தேங்கிய மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். கணவர் சிங்காரவேலு அந்த வேலையில் இருந்தபோதே மாரடைப்பில் இறந்துபோக, கருணை அடிப்படையில் காத்தாயிக்குக் கொடுத்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரு பெண் கிரீஸ் டப்பாவோடு போவதைப் பார்க்க முதல் வாரம் முழுக்க ஊரில் கூட்டம் இருந்தது என்று அவரே சொல்வார். "சர்க்கஸ் வந்த மாதிரி."

ஒரு கதவை ஓர் அடி உயர்த்த நூற்றுப் பத்துச் சுற்று. ஐந்து கதவு. வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கிவிட்டது. ஜாக்கெட் தைக்கிறவரிடம் வலது கையை மட்டும் தளர்வாக வைக்கச் சொல்வார்.

காலையில் எழுந்ததும் அவர் காபி குடிப்பதில்லை. முதலில் சட்ரஸ் படியில் இறங்கி, முதல் கதவின் ஓரத்தில் கசியும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்கிறார். ரப்பர் தேய்ந்துபோன கதவு. இடுக்கில் எப்போதும் கசியும். ஊர்ப் பக்கம் நின்று ருசிக்கும்போது உப்புக் கரித்தால் கடல் உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். சப்பென்று இருந்தால் வாய்க்கால் வெளியே தள்ளுகிறது. கதவைத் திறக்கலாம். காபி குடித்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

அடிக்கடி போக வேண்டிய சீர்காழி அலுவலகத்தில் கடல் ஏறி இறங்கும் நேரங்களை ஆங்கிலத்தில் அச்சடித்து மாதாமாதம் கொடுப்பார்கள். அதே பேருந்தில் போய்வரும் நான் அதை வழியிலேயே தமிழில் எழுதிக் கொடுப்பேன். மோட்டார் அறைச் சுவரில் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிவைப்பார். மோட்டார் அறையில் மோட்டார் கிடையாது. வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்ததற்காக அடுத்த நாள் ஒரு சீப்புப் பழமோ நாலு நார்த்தங்காயோ தருவார். தாளை நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "தாளு கடலுக்குத் தெரியணுமே பாப்பா" என்றார்.

கைப்பிடியை அந்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாம். வரமாட்டார். ரேஷன் கடைக்கும் அதோடுதான் போகிறார். போன தை மாதம் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் இலைக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவைத்திருந்தாராம். பரிமாறியவர் அதற்கும் ஓர் இலை போடவா என்று கேட்டதை அவரே சொல்லிச் சிரித்தார். ஏன் சுமக்கிறார் என்பதை மட்டும் ரொம்ப நாள் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. காரணம் எனக்குப் பாதி தெரியும். என் பெரியப்பா தங்கையன் அதில் இருந்தார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. காத்தாயி வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். புயல் கரை கடந்த மறுநாள். மேற்கே பெரியப்பாவின் பன்னிரண்டு ஏக்கரும் இன்னும் பலர் நிலமும் தண்ணீரில் கிடந்தன. சம்பா கதிர் வாங்கும் நேரம். பத்துப் பதினைந்து பேர் சட்ரஸுக்கு வந்து கதவைத் திறக்கச் சொன்னார்கள். காத்தாயி அப்போதுதான் ருசி பார்த்திருந்தார். உப்பு. இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றார். சிலர் கத்தினார்கள். பெரியப்பா கத்தவில்லை. காத்தாயி பின்னாளில் சொன்னார்:

"ஒங்க பெரியப்பா சத்தம் போட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் பாப்பா. 'ஏம்மா காத்தாயி, வந்து ரெண்டு மாசம் ஆவல, ஒனக்கு எதுக்கு இந்தப் பழி, அதக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ, நாங்க பாத்துக்கறோம்'னாங்க. நல்ல மனுசங்க. நம்ம தலையில இல்லன்னு ஒரு நிம்மதி. குடுத்துட்டு வீட்டுக்குப் போயி டீ போட்டுக் குடிச்சேன்."

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடல் ஐந்து கதவு வழியாகவும் உள்ளே வந்தது. மேற்கே மேட்டில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு அது ஏறவில்லை. சட்ரஸை ஒட்டிய தாழ்வான வயல்களில் நின்றது. அவை காத்தாயி தெருக்காரர்களின் நிலம். ஒரு தலைமுறைக்கு முன்பு எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள், இப்போது சொந்தமாகவும் குத்தகைக்கும் பயிர் வைக்கிறார்கள். அதில் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர், காத்தாயியின் கொழுந்தன் மருதையனுடையது. சித்திரையில் அந்த வயலில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அடுத்த சம்பாவில் நாற்று நுனி கருகிப் படுத்துவிட்டது. மருதையன் திருப்பூருக்குப் போனார், திரும்பி வந்தார். அண்ணியைத் திட்டவில்லை. சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரே கொல்லை, நடுவில் வேலிகூடக் கிடையாது.

"ரெண்டு வார்த்த ஏசியிருக்கலாம்" என்பார் காத்தாயி.

எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வருஷம் எங்களுக்கு மா ஒன்றுக்கு ஏழு மூட்டை கண்டது என்று மட்டும் பெரியப்பா சொல்வார்.

அதற்குப் பிறகு பெய்த மழைகள் உப்பைக் கழுவிவிட, போன வருஷம் மருதையன் மறுபடியும் சம்பா நட்டார். கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடலில் நகராமல் நின்றுகொண்டது. நான்கு நாள் மழை. நட்டு முப்பது நாள் ஆன பயிர். ஐந்தாம் நாள் அமாவாசை, கடல் அதிகம் ஏறும் நாள். காலை பத்து மணிக்குச் சட்ரஸில் மறுபடியும் கூட்டம். எங்கள் வீட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பெரியப்பாவுக்கு இப்போது நடக்க முடியாது. அவருக்காக நான் போயிருந்தேன். தாளில் கடல் இறங்கும் நேரம் பன்னிரண்டு என்று இருந்தது. என் கையெழுத்து.

பன்னிரண்டு ஆனது. காத்தாயி படியில் இறங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே வந்தார். காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கடலை இறங்கவிடவில்லை. உப்பு, இன்னும் நேரம் ஆகும் என்றார். கூட்டத்தில் ஒருவர் பொம்பளையிடம் கொடுத்தால் இப்படித்தான் என்றார். இன்னொருவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. அப்போது பின்னால் நின்றிருந்த மருதையன் முன்னால் வந்தார். இடுப்பு வரை சேறு. மோட்டார் அறைச் சுவரைக் காட்டினார்.

"பன்னெண்டுன்னு எழுதியிருக்குல்ல அண்ணி."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணி என்று கூப்பிட்டது அன்றுதான். காத்தாயி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். 

"எழுதியிருக்கு தம்பி. தண்ணி கரிக்குது."

"பயிரு நுனிதான் தெரியுது. அதக் குடுங்க. நான் சுத்திக்கறேன்."

"ஒன் வயலுக்குத்தான் மொதல்ல வரும்."

"வரட்டும். எனக்கு எதுல போனா என்ன. குடுங்க அண்ணி."

காத்தாயி கொடுக்கவில்லை. படியில் உட்கார்ந்து, கைப்பிடியை மடியில் போட்டு, அதன் மேல் கவிழ்ந்துகொண்டார். பிடுங்குவதற்கு யாருக்கும் கை வரவில்லை.  மருதையன் கரையோரமாக நடந்துபோனார். நான் அந்தத் தாளைப் பார்க்காமல் இருக்க வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணிக்கு ஒருமுறை காத்தாயி விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நாலேகால் மணிக்குத்தான் தண்ணீர் சப்பென்று ஆனது. ஐந்து கதவையும் அவரே ஏற்றினார். உதவிக்கு வந்தவர்களிடம் கைப்பிடியைத் தரவில்லை. கடைசிக் கதவை ஏற்றி முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது.

எந்த வயலிலும் உப்பு ஏறவில்லை. மேட்டு நிலங்கள் இரண்டு நாளில் தலை தூக்கின. எங்கள் பயிரும் தப்பியது. பள்ளத்தில் இருந்த மருதையனின் பதினைந்து மாவும் அழுகிவிட்டது. அன்று பன்னிரண்டு மணிக்கே திறந்திருந்தால் அது பிழைத்திருக்குமா, உப்பில் போயிருக்குமா என்று வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்தேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். காத்தாயியிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "ரெண்டு தடவையும் அவன் வயலுதான்" என்று மட்டும் ஒருநாள் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். இந்த மாதத்துத் தாளையும் என்னிடம்தான் நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வழக்கம்போல் நார்த்தங்காய் வந்தது.

நேற்றுக் காலைப் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் மருதையன் ஏறினார். கையில் பை; திருப்பூர்ப் பயணம் போலிருந்தது. காத்தாயி பார்த்தார். மடியிலிருந்த இரும்பை எடுத்துக் காலடியில் வைத்தார். அவர் அதைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் ஒதுங்கி, பக்கத்து இருக்கையை முந்தானையால் துடைத்தார். மருதையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

திருவெண்காட்டில் கூட்டம் ஏறியது. கூடையோடு வந்த ஓர் அம்மாள் காலி இருக்கையைப் பார்த்து, ஆள் வருதா என்று கேட்டார்.

"வருதுங்க" என்றார் காத்தாயி.

கேட்டவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நகர்ந்தார். சீர்காழி வரும்வரை அந்த இருக்கையின் மேல் காத்தாயியின் வலது கை, கிரீஸ் படிந்த விரல்கள் விரிந்தபடி, இருந்த இடத்திலேயே இருந்தது.