கடைசிப் பத்து நிமிஷம் பந்து

என் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிஷம் விரல் பயிற்சி, பதினைந்து நிமிஷம் ஸ்கேல், இருபது நிமிஷம் கார்டுப் பிடி மாற்றுதல், இருபது நிமிஷம் பாட்டு. நாற்பத்து நாலு வயதில் கிட்டார் தூக்கிய அறிவியல் டீச்சர் வேறு எப்படிக் கற்பாள்? சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கே அந்த அட்டவணை மனப்பாடம். ஒரு நாள் தவறவிட்டதில்லை. அப்படியிருந்தும் ஒரு குருத்தோலை ஞாயிறன்று என் மானம் கப்பலேறியது.

அன்று காலையில் எங்கள் சபையார் கையில் ஓலையோடு பாடிக்கொண்டே மூன்று தெரு சுற்றி ஆலயத்துக்குள் நுழைவது வழக்கம். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, கிட்டார்தான். வழக்கமாக வாசிப்பவர் மாற்றலாகிப் போனதால் நான் முன்வந்தேன். ஆனால் எங்கள் சபையில் யாரும் கிட்டாருக்காகக் காத்திருப்பதில்லை. முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் தமக்குத் தோன்றிய ஸ்ருதியில் எடுத்துவிடுவார். எல்லோரும் அவர் பின்னால் போவார்கள். நானோ பாட்டுத் தாளில் இருந்த ஸ்ருதியை விடவில்லை. முன்னால் ஒரு பாட்டு, நடுவில் என் பாட்டு, ஊர்வலத்தின் வால்பக்கத்தில் அரை வரி பிந்தி மூன்றாவது பாட்டு! வாசலில் எங்கள் போதகர் ஐயர் அன்பாகத்தான் சொன்னார்: “அடுத்த வருஷம் மினி வேன்ல ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போட்டுடலாம்மா. உங்களுக்கும் சிரமம் வேணாம்.” அதைவிட அவர் திட்டியிருக்கலாம். “ஒரே ஒரு வருஷம் குடுங்க ஐயரே” என்று கெஞ்சினேன். “சரி, ஆனா வேனும் பின்னாடி வரும்” என்றார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என் விரல்நுனிகளைப் பார்த்துப் பதறியவர் எங்கள் பள்ளி பி.டி. சார். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அட்டவணையை ஒப்பித்தேன். சிரித்துவிட்டார். “இன்னா டீச்சர், ஒரு மணி நேரமும் டிரில்லா? நம்ம பசங்களா இருந்தா செவுரு ஏறிக் குதிச்சு ஓடிருப்பானுங்க. கடைசிப் பத்து நிமிஷம் பந்தைத் தூக்கிப் போட்ரணும். அதுக்கோசரந்தான் மத்ததெல்லாம்.” எனக்குச் சுருக்கென்றது. ஏழு மாதமாக உழைத்திருந்தேனே தவிர, ஒரு நாளாவது விளையாடியிருந்தேனா?

ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிஷமாகக் குறைத்தேன். அதில் கடைசிப் பத்து நிமிஷம் தாளைப் பார்க்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் மோட்டாரின் ரீங்காரத்தோடு சேர்ந்து வாசித்தேன். காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் கூவலை அது தெருமுனை தாண்டுவதற்குள் பிடித்தேன். சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஹார்ன் அடித்தால் அதற்கொரு பதில் வாசித்தேன். என்னை அறியாமல் பத்து நிமிஷம் அரைமணியாக நீண்ட நாட்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை மாலையில் பள்ளி மைதானத்தில் பி.டி. சாரே பந்தைப் போடுவார். அதாவது, பாடுவார். அடேயப்பா, அந்தக் குரலுக்கு வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கும். ஒரு பாட்டை எந்த ஸ்ருதியில் ஆரம்பிப்பார் என்று அவருக்கே தெரியாது. சரணத்தில் வேறெங்கோ போய்விடுவார். நான் ஒற்றைத் தந்தியில் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். “சாரி சார்” என்பேன். “சாரி இன்னாத்துக்கு? இதுல அவுட்டே கெடையாது டீச்சர், ஆடிக்கினே இருங்க.” பொங்கலுக்குள் அவரை இரண்டாவது வரியில் பிடிக்க ஆரம்பித்தேன். இப்போது அவர் மாற்றலாகி மதுராந்தகம் பக்கம் போய்விட்டார். நல்ல பாடகர்கள் எத்தனையோ பேருக்கு வாசித்துவிட்டேன். அவரளவுக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவருமில்லை.

மறு வருஷம் குருத்தோலை ஞாயிறு. ஊர்வலத்தின் பின்னால் மினி வேன் ஊர்ந்து வந்தது, இரண்டு பெரிய ஸ்பீக்கர்களோடு. ஆன்ட்டி வாயைத் திறந்தார். போன வருஷத்தைவிட உச்சாணியில் எடுத்தார்! ஒற்றைத் தந்தியில் தேடினேன். இரண்டாவது வரி முடிவதற்குள் அகப்பட்டுவிட்டது. ஆன்ட்டி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் உயர்த்தினார். ஆனால் வால்பக்கம் வழக்கம்போல அரை வரி பிந்திற்று. வரிக்கும் வரிக்கும் நடுவே நான் சும்மா நாலு தாள அடி வாசித்தேன். எந்தத் தாளிலும் இல்லாத நாலு அடி, அந்த நிமிஷம் கைக்கு வந்தது. முன்னால் போனவர்கள் அதைக் கேட்டுத் தயங்கி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வரியைத் தெருவே ஒரே வாயாகப் பாடியது. மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கை மட்டும் நிற்கவில்லை.

மூன்று தெரு முடிந்து ஆலய வாசல் வந்தது. ஐயர் ஒதுங்கி வழிவிட்டார். ஆன்ட்டி உள்ளே நுழையவில்லை.

“ஐயரே, பாட்டு இப்பதான் களை கட்டுது. இன்னொரு தெரு போய்ட்டு வந்துடலாமா?”

ஐயர் என்னைப் பார்த்தார். பிறகு வேன் டிரைவரிடம், “நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி” என்றார். நாங்கள் நாலாவது தெருவுக்குள் திரும்பினோம்.