மாலை போட்ட பதினோரு நாள்

முதலில் ரத்தம் வரவில்லை. சட்டைதான் பெரிதாகிக்கொண்டே போனது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பஞ்சுத் தூசி இருமல் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

சளியைச் சோதித்துவிட்டு காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமிநோய், டிபி என்பார்கள்) என்றார்கள். ஆறு மாதம் தினமும் மாத்திரை.

"ஏனுங்க, ஊட்டுல சின்னக் கொழந்தை இருக்குதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இல்லை என்றேன். அப்போது அது உண்மை. விஷயம் தெரிந்ததும் கூட இருந்தவர்கள் அறையில் இடமில்லை என்றார்கள்.

ஊர் கோத்தகிரி மலையில் அரவேணுப் பக்கம், எஸ்டேட் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). அங்கே அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகள் யாழினியும். ஒன்றரை வயது. நான் பார்த்ததே இல்லை. அம்மா செத்த அன்று குடித்துவிட்டுப் போனேன். அண்ணன் அடித்து விரட்டினான். ஆறு வருடம் பேச்சில்லை.

வேறு போக்கிடம் இல்லாமல் ஊருக்குக் கிளம்பி, பஸ் மாற மேட்டுப்பாளையத்தில் இறங்கினேன். கார்த்திகை மாதம். கடையில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் தொங்கின. ஐயப்பனுக்கு மாலை போட்டவன் தனித் தட்டில் சாப்பிடுவான், தனிப் பாயில் படுப்பான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். விரட்டவும் மாட்டார்கள். வாங்கி நானே கழுத்தில் போட்டுக்கொண்டேன். குருசாமி இல்லை, கோயில் இல்லை. பஸ் மலை ஏற ஏற நெஞ்சு அடித்தது. நோயாலா, சாமிக்குப் பயந்தா, தெரியவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். "வாங்க சாமி" என்று வழி விட்டான்.

மாலை போட்டவனைத் தேடி ஆள் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் திருநீற்றுக்கு வரிசையில் நின்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். டாக்டரம்மா முட்டை, கறி சாப்பிடச் சொல்லியிருந்தார். சாமிக்கு ரசம் சோறுதான் கிடைத்தது. மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும் (மருந்தின் நிறம், பயம் வேண்டாம்). அண்ணி பார்த்துவிடுவாள் என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

யாழினிக்கு இருமல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டேன். என் இருமல் மாதிரியே இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள்.

பதினோராம் நாள் சாயங்காலப் பூஜையில் அண்ணன் என் காலில் விழுந்தான். என்னைவிட ஏழு வயது மூத்தவன். எழுந்து, பிள்ளையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சாமி, புள்ளைக்குத் திருநீறு போட்டு விடுங்க."

பின்னால் நகர்ந்தேன். சுவர் முதுகில் இடித்தது.

"அண்ணே, இது பொய் மாலை. எனக்கு டிபி. புள்ளையத் தூக்கிட்டுப் போயிரு."

அண்ணி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அப்ப நான் விழுந்தது யாரு காலுலடா?"

ஆறு வருடத்தில் அன்றுதான் என்னை டா போட்டான்.

மறுநாள் லீவு போட்டு எங்கள் எல்லாரையும் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். யாழினியின் கையில் ஊசி போட்டார்கள் (அந்த இடம் வீங்கினால் கிருமி உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம்). பார்க்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் அந்தச் சின்னக் கையைத் தூரத்தில் இருந்தே பார்த்தேன்.

வீங்கவில்லை. வெறும் சளி என்றார் டாக்டர். ஆனாலும் தடுப்பு மாத்திரை (நோய் வராமல் காப்பது) கொடுத்தார். "முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போமுங்க" என்றார்.

மாலையை அண்ணன் கோயிலில் கொண்டுபோய் வைத்தான். எனக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுத்தார்கள். அண்ணி முட்டை அவித்து வாசற்படியில் வைப்பாள். "சாமியாரே, திங்கிறீங்களா?" என்பாள். முதலில் கோபத்தில் சொன்னாள். மாதங்கள் போக, சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மருந்து முடிந்தது. கிருமி இல்லை என்றுவிட்டார்கள். யாழினி என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். தொண்டை கமறினால், அவள் எங்கே நிற்கிறாள் என்றுதான் கண் முதலில் தேடுகிறது. மூச்சு என் நெஞ்சோடு முடிகிற சங்கதி என்று நினைத்திருந்தேன். அது எத்தனை அடி போகும் என்று இப்போது தெரியும்.

பிள்ளையை இரண்டு வருடம் கவனிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் வயதை யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் போயிருக்கிறது என்றால் உடனே சொல்வேன். ஏழு.