ஊட்டும்போது இடது கை

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் நான்கு வீடுகளுக்கும் ஒரே கக்கூஸ். என் நான்கு வயது மகளுக்கு வயிற்றில் கீரிப்பூச்சி வந்தது. மாத்திரையில் சரியாகி, ஒரே மாதத்தில் திரும்ப வந்தபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. குற்றவாளியையும் நானே முடிவு செய்துவிட்டேன். கடைசி வீட்டுக்காரி. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள், கப்பலூரில் கம்பெனி வேலை. அவள் திரும்பும்வரை அவள் மகளுக்கும் நான்தான் சோறு ஊட்டுவேன்.

அதை நிறுத்தினேன். அவள் காதில் விழவேண்டும் என்றே என் மகளிடம் சொன்னேன்: "அங்கிட்டுப் போகாத. ஒட்டிக்கிரும்."

அதோடு விட்டேனா? வீட்டுக்கார அம்மாவிடமும் போய் ஓதினேன். அவளை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளோ தினமும் காலையில் கக்கூஸ் தாழ்ப்பாளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனாள். தேய்க்கட்டும் என்று வாசலில் நின்று பார்த்தேன்.

அவள் மகள் இந்தப் பக்கமே வரவில்லை. ஆனாலும் என் மகளுக்கு மூன்றாவது முறை வந்தது. பயந்துபோய் வேறு டாக்டரிடம் ஓடினேன். கக்கூஸ் போனபின் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது எப்படி என்று அந்தம்மா கேட்டார். வலது கையால் ஊற்றி, இடது கையால் கழுவி, அந்தக் கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்வதை நடித்துக் காட்டினேன்.

"சோப்பு?"

"சாப்பிடுறது சோத்துக் கைதானே டாக்டர்."

பூச்சியின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, நகத்திலும் தண்ணீர்க் கப்பிலும் தாழ்ப்பாளிலும் ஒட்டியிருக்கும் என்றவர், ஊட்டும்போது இடது கை என்ன செய்யும் என்று கேட்டார். கை தானாக மேலே எழுந்தது. பிள்ளையின் தாடையைப் பிடிக்கும். உதட்டோரப் பருக்கையை வாய்க்குள் தள்ளிவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஊட்டியிருக்கிறேன்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாதாம். இரண்டு வீட்டிலும் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை போடவேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை.

வீட்டுக்கு வந்து நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, மாத்திரையோடு கடைசி வீட்டுக்குப் போனேன். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தப்பு என் கையில்தான் என்றேன். வீட்டுக்கார அம்மாவிடம் நானே பேசுகிறேன், இருந்துவிடு என்றும் கெஞ்சினேன்.

"வேற வீடு பாத்தாச்சுக்கா," என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் அவள் மகள் என்னைப் பார்த்து ஓடிவந்தாள். நானும் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அம்மாக்காரி பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிட்டுப் போகாத."

சத்தம்கூடப் போடவில்லை. என் கைகள் இன்னும் ஈரமாக இருந்தன.