பராமரிப்பாளருக்குப் போட்ட இலை

பழைய போர்வையில் சுற்றிய கணினிப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு அவர் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மடிக்கணினி எங்களில் பலருக்கு எட்டாத பொருளாக இருந்த இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. தமிழில் எழுத்துப்பிழை திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஆளுக்கோர் ஊரில் இருந்தபடி, மின்னஞ்சல் குழு வழியாகவே எழுதிக்கொண்டிருந்தோம். அவர் அதன் பராமரிப்பாளர். நாங்கள் அனுப்பும் நிரலைப் படித்து, சேர்ப்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்கிறவர். பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார். ‘எதற்காக மாற்றினீர்கள் என்று சொல்லவில்லை’ என்று ஒரே வரி எழுதியிருப்பார். கண்டிப்பான வயதான பேராசிரியர் ஒருவரை நான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். வந்தவருக்கு என் வயதுதான்.

“ஏனுங்க, நீங்கதானுங்களா?” என்றார். பெங்களூரிலிருந்து வந்த மனிதர் எங்கள் பேச்சைப் பேசியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “அட, நம்மூருங்களா நீங்க?” என்றேன். “பொங்கலூர்ப் பக்கமுங்க” என்று சொல்லிவிட்டு, பெட்டி அடிபடாமல் காரில் எங்கே வைப்பது என்பதில் முனைந்துவிட்டார்.

தொலைவிலிருந்தே வேலை செய்கிறவர்கள் சில நாட்கள் ஒரே இடத்தில் கூடி, இழுத்துக்கொண்டிருக்கும் வேலையை உட்கார்ந்து முடிப்பதை ‘ஸ்பிரிண்ட்’ என்பார்கள். அதை எங்கள் ஊரில் நடத்தலாம் என்று குழுவில் எழுதியவன் நான். அப்பாவின் பனியன் கம்பெனி மாடியில் துணி வெட்டும் அறை ஒன்று அப்போது சும்மா கிடந்தது. துணியை விரித்து அடுக்கும் நீண்ட மேஜை அதிலேயே இருந்தது. எல்லோருடைய கணினிகளையும் அதன் மேல் வரிசையாக வைத்து, நடுவில் கேபிள் ஓட்டி இணைத்தேன். மின்சாரம் போனால் கம்பெனி ஜெனரேட்டர். சாப்பாடு, பக்கத்திலேயே இருந்த எங்கள் வீட்டில். அப்பா எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து நம் வீடு தேடி வருகிறார்கள் என்று உறவினர்களிடம் சொல்லி மகிழ்ந்தார். அம்மா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி வரச் சொல்லி நெய் உருக்கினாள்.

முதல் நாள் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மாதக்கணக்கில் மின்னஞ்சலில் சண்டையிட்டுக்கொண்டிருந்த புணர்ச்சி விதி ஒன்றை, பராமரிப்பாளர் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் மேஜையின் மீதே எழுதிக் காட்டித் தீர்த்து வைத்தார். எழுத்தில் கடுகடுவென்றிருந்தவர் நேரில் பெரிய சிரிப்புக்காரர். மதியம் எங்கள் கூடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டோம். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையை மறிக்க, அம்மா விடாமல் நெய் ஊற்றினாள். இப்படியே ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை அப்பா மாடிக்கு வந்தார். ஒவ்வொருவரிடமும் ஊர், பேர் விசாரித்தார். பராமரிப்பாளரின் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பிக்கு நம்ம பக்கந்தானுங்களாட்ட இருக்குது?”

“ஆமாங்க. பொங்கலூர்ப் பக்கமுங்க.”

“பொங்கலூர்ல எங்கீங்க? அங்க நமக்குச் சொந்தக்காரங்க நெறைய இருக்கறாங்க.”

அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதிலைச் சுற்றி வளைக்கவும் வழிகள் உண்டு. அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்து, “ஊருக்குத் தெக்கால காலனீங்க. சர்ச்சுக்குப் பொறத்தால நம்ம ஊடு. அம்மா பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தாங்க, இப்ப நின்னுட்டாங்க” என்றார்.

“நல்லதுங்க. ரொம்பச் சந்தோசமுங்க” என்று அப்பா எழுந்தார். நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கீழே போனார்.

மதியம் சாப்பிடப் போனபோது வாசலில் அப்பா நின்றிருந்தார். கூடத்தில் இலைகள் போடப்பட்டிருந்தன. அவர் பராமரிப்பாளரை மட்டும் நிறுத்தி, காலையைக் காட்டிலும் பணிவாகச் சொன்னார்: “தம்பி, உங்களுக்கு ஷெட்டுல எலை போட்டிருக்குதுங்க. அங்க நல்லாக் காத்தோட்டமா இருக்குமுங்க.”

ஜெனரேட்டர் ஷெட்டின் ஓரத்தில், பழைய மரப்பெட்டியின் மேல் ஒரே ஓர் இலை. பக்கத்தில் காகித டம்ளர். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மாவின் சேலை தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை. சாதி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் அது சொல்லப்படவில்லை.

நான் கூடத்துக்குள் போய் என் இலையை அப்படியே தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன். “அவரு எங்கயோ அங்கதான் நானுமுங்க” என்று அப்பாவிடம் சத்தமாகவே சொன்னேன். அதில் பெருமையும் கலந்திருந்தது. என்னைப் பார்த்து மற்றவர்களும் இலையோடு வந்தார்கள். எல்லோருமாக எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். தையலை விட்டுச் சாப்பிட வெளியே வந்த கம்பெனி ஆட்கள் மொத்தப் பேரும் நின்று பார்த்தார்கள். ஏன் இத்தனை பேர் ஷெட்டில் சாப்பிடுகிறார்கள் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பராமரிப்பாளரைக் கண்ணால் காட்டினார்.

பராமரிப்பாளர் சோற்றில் கை வைக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. அந்தக் கோபம் அப்பாவின் மேல் என்றே நினைத்தேன்.

“நான் எங்க உக்காரணும்னு உங்கப்பா சொன்னாரு” என்றார் மெதுவாக. “அப்பறம் நீங்க சொன்னீங்க. என்னைய யாருமே கேக்கலீங்களே.”

அவர் ஒருவேளை உண்ணாமல் எழுந்து போக நினைத்திருக்கலாம். அப்பாவிடமே நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். இரண்டில் எதற்கும் இடம் விடாமல், அவரைச் சுற்றி ஒரு காட்சியை நடத்தி முடித்துவிட்டேன். ஓர் இலை இருந்த இடத்தில் எட்டுப் பத்து இலைகளைப் போட்டு, ஊரையே திரும்பிப் பார்க்க வைத்ததுதான் நான் செய்தது.

அவர் எழுந்தார். “வேலை பாக்கி இருக்குதுங்க. எங்க ஊட்டுக்குப் போலாம், வாங்க. எடம் பத்தாது. ஒரே பிளக்குதான். ஆனா நடக்கும்.”

பிறகு நடந்ததெல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. கணினிகளைக் கழற்றி ஒரு வேனில் ஏற்றினோம். அப்பா கம்பெனி அறையை விட்டு வெளியே வரவில்லை. பொங்கலூர்ப் பக்கத்து அந்த வீட்டில் இரண்டு கணினிகளை மட்டும் இயக்கி, மாற்றி மாற்றி உட்கார்ந்து மீதி நாட்களின் வேலையை முடித்தோம். மென்பொருளின் புதிய பதிப்பு அங்கிருந்துதான் வெளியானது.

அவருடைய அம்மா எங்கள் எல்லோருக்கும் தட்டு வைத்தார். பேச்சை வைத்து என்னை இன்னாரென்று கண்டுகொண்டு, அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “நீங்க இங்க வந்து சாப்படறது உங்கூட்டுக்குத் தெரியுமுங்களா சாமி? பின்னால எம்பையனுக்கு ஒன்னும் தொந்தரவு வராதுங்களே?”

வராதுங்க அம்மா என்றேன். என் தாயைவிட மூத்தவர் என்னைச் சாமி என்று அழைத்ததையும், அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். மறுசோறு கேட்டு வாங்கினேன். கேட்காவிட்டால் அவர் வேறு விதமாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். அந்த வீட்டில் என்னால் இயல்பாக ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

அதன் பிறகு பல ஊர்களில் கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். கல்லூரி ஆய்வகம், வாடகை மண்டபம், ஓட்டல் மாடி. யாருடைய வீட்டிலும் நடத்தியதில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் இட வசதியைச் சொல்வேன். பராமரிப்பாளர் பெரும்பாலானவற்றுக்கு வந்தார். திருப்பூருக்கு மட்டும் வரவில்லை. என் நிரலை முன்போலவே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மதியத்தைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசவில்லை.

போன மாதம் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. அம்மா காலமாகிவிட்டார், நிரல்களைப் பார்க்கச் சில நாட்கள் ஆகும் என்று. துக்கம் கேட்க நான் கிளம்பும்போது, எங்கே போகிறேன் என்று இப்போது கோலூன்றி நடக்கும் அப்பா கேட்டார். சொன்னேன். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மறந்திருப்பார் என்று நினைத்துச் செருப்பை மாட்டினேன்.

“அந்தத் தம்பிதானே?” என்றார். “அன்னைக்கு நான் ஒரு வார்த்தைகூட மரியாதைக் கொறைவாப் பேசலியே கண்ணு.”

“இல்லீங்கப்பா” என்றேன். “ஒரு வார்த்தைகூடப் பேசலீங்க.”

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.