பார்ட்லி ஷின்னிக்கின் கோட்டு

கோப்னெட் லெஹான் கல் முடிந்த காலுறையைச் சுழற்றினால் கார்க் நகரத்துக் கோயில் மணிகள் தாமாக ஒலிக்கும். சரி, கொஞ்சம் கூடுதல்தான். மணி ஒலிக்காது, மணியடிப்பவர் ஓடி ஒளிந்துகொள்வார். சந்தை நாள்களில் லெஹான் ஆட்களும் ஷின்னிக் ஆட்களும் மோதினால் ஆண்கள் கம்பெடுப்பார்கள், பெண்கள் காலுறைக்குள் கல் போட்டுக்கொள்வார்கள். சண்டை எதற்காகத் தொடங்கியது என்பது இரு தரப்பிலும் எவருக்கும் நினைவில்லை.

1843 கோடையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: லண்டனோடு போட்ட முடிச்சை அவிழ்த்து, டப்ளினில் நமக்கென்று ஒரு பார்லிமென்ட். அதைக் கோரிக் குன்றின்மேல் மாபெரும் கூட்டம். ஓர் அடி விழுந்தாலும் போதும், கலவரம் என்று சொல்லிக் கலைத்துவிடக் குதிரைப்படை மேட்டில் காத்து நின்றது. "குடிக்கக் கூடாது, கம்பு கூடாது, யாரு என்ன சொன்னாலும் கை ஓங்கக் கூடாது" என்று பாதிரியார் ஞாயிறுதோறும் சொல்லியிருந்தார். கோப்னெட் காலுறையைக் காலிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். அவளை அப்படி ஊரார் பார்த்தது அன்றுதான்.

பாலத்தருகே பார்ட்லி ஷின்னிக் தன் கோட்டைக் கழற்றிச் சேற்றில் இழுத்துக்கொண்டே முன்னால் போனான். அது சண்டைக்கு அழைக்கும் வழக்கம்: எதிராளி கோட்டை மிதித்தால் சண்டை, மிதிக்காவிட்டால் ஏழு தலைமுறைக்கும் கோழை.

"என்ன கோன், போன சந்தையில பேத்த தாடை ஒட்டிக்கிச்சா? இல்ல, கஞ்சியிலயே காலம் ஓடுதா?"

கோப்னெட்டின் கணவன் கோன் காலைத் தூக்கிவிட்டான். மேட்டில் அதிகாரியின் கை வாளுக்குப் போனது.

"காலைக் கீழ வையி, மனுசா!" என்று பாய்ந்த கோப்னெட் கோட்டைப் பிடுங்கி, உதறி, தானே மாட்டிக்கொண்டாள். கணுக்கால்வரை தொங்கியது.

"நல்ல துணிடா பார்ட்லி. சேத்துல போட்டா உங்கம்மா வைய மாட்டா?"

"குடுடீ இங்க!"

"பார்லிமென்ட் வரட்டும், வந்து வாங்கிக்கோ."

அவள் குன்றேறினாள். கோட்டுக்காக அவன் பின்னாலேயே போனான். அவனைத் தனியே விடலாகாதென்று ஷின்னிக்குகள் அத்தனை பேரும். அவளைத் தனியே விடுவதா என்று லெஹான்கள் அத்தனை பேரும். தோளோடு தோள் உரச, ஒரே ஊர்வலம்! அதிகாரி வாளிலிருந்து கையை எடுத்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் அன்று ஓர் அடிகூட விழவில்லை.

பார்ட்லி நாட்டுப்பற்றில் கண்ணீர் பெருக அவள் பின்னால் நடந்தான் என்று முடித்தால், இப்போது கணப்பருகே உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர் பார்ட்லிக்குப் பொறுக்காது.

"கண்ணீரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருந்துச்சு, மறைக்கக் கோட்டு வேணும்னு போனேன். ஆனா கை ஓங்கல. அதை மட்டும் குறைக்காம சொல்லும்மா."